பதற்ற மாத்திரை: முதல் சீட்டிலிருந்து கடைசி அரை மாத்திரை வரை

மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நிற்பவன் அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரை கேட்டு வருகிறவர்களை இரண்டாகப் பிரித்துவிடலாம். முதல் வகையினர் மாத்திரையைக் கண்டாலே மிரளுகிறவர்கள். "இதைப் போட்டால் அடிமையாகிவிடுவேனாமே?" என்று கேட்பார்கள், வாங்கிய அட்டையை அலமாரியில் வைத்துவிட்டு, பதற்றத்தோடேயே படுத்துக்கொள்வார்கள். இரண்டாம் வகையினர் செல்பேசியில் பழைய அட்டையின் படத்தை நீட்டி, "இதில் பதினைந்து கொடுங்கள்" என்பார்கள். மருத்துவர் சீட்டு கேட்டால் கோபம் வரும். முதல் வகையாக வந்தவரே சில மாதம் கழித்து இரண்டாம் வகையாகத் திரும்பி வருவதும் உண்டு. புதிதாக இந்த மாத்திரையைத் தொடங்குகிறவர் அந்த இரண்டு எல்லைக்கும் போகாமல் இருப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அல்பிரசோலம் நம் ஊர்க் கடைகளில் அல்பிராக்ஸ், ரெஸ்டில், டிரிகா என்று பல பெயர்களில் கிடைக்கிறது. பென்சோடயசெபைன் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் முதலில் சந்தைக்கு வந்தது குளோர்டயசெபாக்சைடு. ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது. 1960இல் விற்பனைக்கு வந்தது. 1963இல் டயசெபாம் வந்தது. அல்பிரசோலத்துக்கு அமெரிக்காவில் 1981இல் அனுமதி கிடைத்தது. குளோனசெபாம், லோரசெபாம் ஆகியவையும் இதே குடும்பம்தான். மூளையில் நரம்பணுக்களின் வேகத்தைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருள் இயல்பாகவே சுரக்கிறது. அதன் வேலைக்கு இந்த மருந்துகள் வலுச் சேர்க்கின்றன. அதனால் பதற்றம் இறங்குகிறது, தசை தளர்கிறது, தூக்கம் வருகிறது. அளவு மிஞ்சினாலோ, சேரக்கூடாததோடு சேர்ந்தாலோ மூச்சும் தணிந்துவிடுகிறது.

நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உயிர் போய்விடும் என்று நினைத்து நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுகிறவருக்கு இது நல்ல மருந்து. குறுகிய காலத்துக்குச் சரியான கையில் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சிக்கல் எல்லாம் காலத்தில்தான் இருக்கிறது. ஆகவே இதைத் தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் நாளையும் பேசிவிட வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த ஒன்றைச் சுற்றித்தான். உங்களைப் பரிசோதித்த மருத்துவர் இதற்கு மாறாக எதையாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள். அவருக்கு உங்கள் உடம்பு தெரியும், எனக்குத் தெரியாது.

முதலில் அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள்

"நான் தூக்க மாத்திரை எதுவும் போடுவதில்லை" என்று உறுதியாகச் சொல்கிறவரின் பையிலேயே பென்சோடயசெபைன் இருக்கும். காரணம், இந்தியாவில் விற்கும் கூட்டு மாத்திரைகள். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் எசிட்டலோபிராம் 10 மி.கி.யோடு குளோனசெபாம் 0.5 மி.கி. சேர்ந்த மாத்திரை மிகச் சாதாரணமாக எழுதப்படுவது. பெயரின் பின்னால் 'பிளஸ்' என்றோ வேறு ஒட்டோ இருந்தால் உள்ளே இன்னொரு மருந்து இருக்கிறது என்று பொருள். இதயப் படபடப்பைத் தணிக்கும் பிராப்ரனலாலோடு அல்பிரசோலம் சேர்ந்ததும் உண்டு. ஆஸ்துமாக்காரருக்குப் பிராப்ரனலால் ஆகாது என்பதால் அதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வயிற்றுப் பொருமலுக்கும் அடிக்கடி கழிப்பறைக்கு ஓடவைக்கும் குடல் தொந்தரவுக்கும் தரும் சில மாத்திரைகளில்கூட குடல் இழுப்பைத் தணிக்கும் கிளிடினியம், டைசைக்ளோமைன் ஆகியவற்றோடு குளோர்டயசெபாக்சைடு இருக்கிறது. 'கேஸ் மாத்திரை' என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பார்கள். திடீரென்று நிறுத்தியதும் ஏன் தூக்கம் போனது என்று புரியாது.

விற்பனைப் பெயரைப் பார்த்து ஒன்றும் பிடிபடாது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைப் பாருங்கள். 'செபாம்' அல்லது 'சோலம்' என்று முடிந்தால் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். கண் பிடிக்கவில்லையென்றால் கடையில் கேளுங்கள், வாசித்துச் சொல்வது எங்கள் வேலை. வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப்போவது இன்னும் நல்லது.

மருத்துவர் அறையில் ஐந்து நிமிடம்

கூட்டம் நிரம்பிய மருத்துவமனையில் ஐந்து நிமிடம் கிடைப்பதே பெரிது என்பது தெரியும். அந்த ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். குறட்டையோடு இடையில் மூச்சு நின்று நின்று வரும் பழக்கம், நாள்பட்ட நுரையீரல் நோய், கல்லீரல் கோளாறு, கண்ணில் குறுங்கோண நீர் அழுத்த நோய் (கிளாகோமா), மயஸ்தீனியா என்ற தசைச்சோர்வு நோய், கர்ப்பம் அல்லது கர்ப்பத்துக்கான திட்டம், முன்பு ஏதாவது போதைப்பழக்கம் இருந்தது, இப்போது போடும் மற்ற மாத்திரைகள் ஆகியவற்றில் எது உண்டோ அது அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் "எப்போதாவது" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் அதிகம். அப்படியானால் அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உண்மையைச் சொல்லுங்கள். மருத்துவருக்கு இது குற்றவிசாரணை அல்ல. மருந்தையும் அளவையும் மாற்றும் தகவல்.

முதல்முறையாகப் படபடப்பு வருகிறவருக்கு இன்னொன்று. தைராய்டு கூடினாலும், இரத்தச்சோகை இருந்தாலும், இதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலும் இதே படபடப்புதான் வரும். இரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் எடுக்காமல் 'டென்ஷன்' என்று முடிவுகட்டி மாத்திரை வாங்கிக்கொள்ளாதீர்கள். தானே எடுத்துக்கொள்வதும், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததைப் போட்டுக்கொள்வதும் இதனால்தான் ஆபத்து.

இனி நீங்கள் கேட்க வேண்டியவை. தினமும் போட வேண்டுமா, தேவைப்படும்போது மட்டுமா? ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை? எத்தனை நாளைக்கு? திரும்ப எப்போது வர வேண்டும்? எப்படி நிறுத்துவது? கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டல்கள் பதற்றத்துக்கு இவ்வகை மருந்துகளை 2 முதல் 4 வாரத்துக்குள் முடித்துக்கொள்ளச் சொல்கின்றன. உங்கள் மருத்துவர் அதைவிட நீளமாக எழுதினால் அதற்குக் காரணம் இருக்கலாம். அந்தக் காரணத்தைக் கேட்பதில் தவறில்லை. 'நிறுத்த வேண்டிய தேதி' என்று சீட்டின் ஓரத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிய தேதிக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

கடையில்

அல்பிரசோலம் மத்திய அரசின் எச் 1 அட்டவணையில், அதாவது மருத்துவர் சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் உள்ள மருந்து. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதி இது. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். விற்கும்போது சீட்டு எழுதிய மருத்துவர் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, எண்ணிக்கை ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, அந்தப் பதிவேட்டை மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும். எனவே சீட்டு கேட்கும் கடைக்காரர் உங்களைச் சந்தேகப்படுவதாக நினைக்க வேண்டாம். சீட்டே கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் கடையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வாங்கியதும் மேசையிலேயே மூன்றைப் பாருங்கள். அளவு: 0.25, 0.5, 1 மி.கி. என்று இருக்கும். ஒரே நிறுவனத்தின் 0.25 அட்டையும் 0.5 அட்டையும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும். புள்ளிக்குப் பின்னால் உள்ளதைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். அடுத்து, பெயரோடு 'எஸ்.ஆர்.' என்று இருக்கிறதா? அது மெல்ல மெல்லக் கரையும் வகை. உடைக்கவோ மெல்லவோ கூடாது. உடைத்தால் பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் உள்ளே போகும். பிறகு எண்ணிக்கை. சீட்டில் பத்து இருந்தால் பத்துதான் வாங்க வேண்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று கூடுதலாக ஒரு அட்டை கேட்காதீர்கள்.

முதல் மாத்திரை, முதல் காலை

முதல் மாத்திரையை வீட்டில், இரவில், மறுநாள் அவசர வேலை இல்லாத நாளாகப் பார்த்துப் போடுங்கள் (மருத்துவர் வேறு நேரம் குறிப்பிடாத பட்சத்தில்). உணவுக்கு முன்னா பின்னா என்பது பெரிதாகப் பாதிக்காது. தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுக்கைக்குப் போய்விடுங்கள். போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைப்பதும், மொட்டை மாடியில் துணி எடுக்கப் போவதும் வேண்டாம். வீட்டில் ஒருவருக்காவது நீங்கள் எதைப் போட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றிரண்டு மணி நேரத்தில் மருந்து இரத்தத்தில் உச்சத்தை எட்டும். பிறகு சராசரியாக 11 மணி நேரத்தில்தான் பாதியாகக் குறையும். இரவு ஒன்பது மணிக்குப் போட்டவர் காலை எட்டரை மணிக்கு ஸ்கூட்டரை எடுக்கும்போது கணிசமான பங்கு இன்னும் உடம்பில் இருக்கிறது. அவருக்குத் தூக்கம் தெளிந்ததுபோலத்தான் இருக்கும். ஆனால் முன்னால் போகும் ஆட்டோ திடீரென்று நிற்கும்போது பிரேக் பிடிக்கும் கை அரை நொடி தாமதிக்கும். தொடங்கிய நாள்களிலும் அளவு மாறும் நாள்களிலும் வண்டி ஓட்டாதீர்கள், பஸ்ஸில் போங்கள். லாரி, பஸ் ஓட்டுநர்கள், உயரத்தில் வேலை செய்கிறவர்கள், தறி, லேத், மர அறுவை எந்திரம் என்று கை போகும் வேலையில் இருப்பவர்கள் சீட்டு எழுதும்போதே தங்கள் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு மதுவுக்கு மட்டுமல்ல, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மருந்தின் பிடியில் இருந்து ஓட்டுவதற்கும் பொருந்தும்.

பகலில் தூக்கக் கலக்கம், தலை லேசாவது, பேச்சு சற்றுக் குழறுவது, சற்றுமுன் நடந்தது நினைவில் நிற்காமல் போவது ஆகியவை எதிர்பார்க்கக்கூடியவை. குறையாவிட்டால் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். அரிதாகச் சிலருக்கு நேர்மாறாக எரிச்சலும் ஆவேசமும் வரும். அப்படி வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடக்கூடாது. 'போட்டேனா இல்லையா' என்ற சந்தேகம் வந்தாலும் போட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இந்த மருந்தே மறதியைத் தருவதால் அந்தச் சந்தேகம் அடிக்கடி வரும். நாள்காட்டியில் ஒரு கோடு போட்டுவிட்டுப் படுத்தால் தீர்ந்தது.

இரண்டு மாத்திரை எழுதியிருந்தால்

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் வழி தவறுவது இந்த இடத்தில்தான்.

பதற்ற நோய்க்கு மனநல மருத்துவர் பெரும்பாலும் இரண்டு மருந்து எழுதுவார். ஒன்று எசிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்றது. மற்றது அல்பிரசோலம் அல்லது குளோனசெபாம். முதல் மருந்துதான் நோய்க்கானது. ஆனால் அது வேலைசெய்யத் தொடங்கவே சில வாரம் பிடிக்கும். அதற்குள் முதல் சில நாள் குமட்டும், தலை வலிக்கும், சிலருக்குப் பதற்றமே சற்றுக் கூடும். அந்த இடைவெளியைத் தாண்டுவதற்காகத்தான் இரண்டாவது மாத்திரை. அது அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே தன் வேலையைக் காட்டிவிடும்.

இப்போது வீட்டில் இருப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? பெரிய மாத்திரை ஒன்றும் செய்யவில்லை, குமட்டல்தான் வருகிறது; சின்ன மாத்திரைதான் கேட்கிறது. பெரியதை நிறுத்திவிட்டு, சின்னதை மட்டும் தொடர்கிறார். பிறகு கடைக்கு வந்து, "அந்த இன்னொன்று வேண்டாம், இது மட்டும் கொடுங்கள்" என்கிறார். நிறுத்த வேண்டியதைத் தொடர்ந்து, தொடர வேண்டியதை நிறுத்தியாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து நோயும் அப்படியே இருக்கிறது, மாத்திரையை விடவும் முடிவதில்லை.

எனவே சீட்டைப் பார்த்து மருத்துவரிடம் விரலை வைத்துக் கேளுங்கள்: "இதில் எது நீண்ட நாளுக்கு, எது கொஞ்ச நாளுக்கு?" வீட்டுக்கு வந்ததும் அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். நீண்ட நாளைக்கான மருந்தையும் தானாக நிறுத்தக்கூடாது என்பது வேறு விஷயம். மாத்திரையோடு மனநல ஆலோசகரிடம் முறையான உரைவழிச் சிகிச்சை கிடைத்தால் இன்னும் நல்லது. பதற்றம் எழும்போது எண்ணத்தையும் உடம்பையும் கையாளப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு நல்ல சான்று உண்டு. காலை முதல் மாலை வரை நாலைந்து காப்பி குடித்துக்கொண்டு படபடப்புக்கு மாத்திரை போடுகிறவர்களுக்கு நான் முதலில் காப்பியைத்தான் குறைக்கச் சொல்வேன்.

எதனோடு சேரக்கூடாது

முதல் இடம் மதுவுக்கு. ஒரு கிளாஸ் பீரும் மதுதான், கள்ளும் மதுதான். இரண்டும் சேர்ந்தால் தூக்கம் கூடுவதோடு நிற்காது. மூச்சு தணிந்து தணிந்து நின்றுபோகலாம். அடுத்தது அபின் போல வேலைசெய்யும் ஓபியாய்டு வகை மருந்துகள். மூட்டுவலிக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் தரும் டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவை நம் வீடுகளில் புழங்குகிறவை. இந்தச் சேர்க்கையைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் தன் மிகக் கடுமையான கட்ட எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. சளி, தும்மலுக்கான குளோர்ஃபெனிரமின், செட்டிரிசின் அந்த அளவுக்கு ஆபத்தில்லை என்றாலும் கலக்கத்தைக் கூட்டும்.

யாரும் எதிர்பார்க்காத ஒன்று படர்தாமரை மாத்திரை. இட்ராகோனசோல் இப்போது தோல் மருத்துவர்கள் வாரக்கணக்கில் எழுதும் மருந்து. அல்பிரசோலத்தைக் கல்லீரலில் உடைக்கும் நொதியை அது தடுக்கிறது. ஒரு மாத்திரை போட்டவருக்குப் பல மாத்திரை போட்ட விளைவு வரும். கீட்டோகோனசோல் மாத்திரையும் அப்படியே. இவ்விரண்டையும் அல்பிரசோலத்தோடு சேர்த்துத் தரவே கூடாது. வயிற்றுப்புண் கிருமிக்கான கூட்டுச் சிகிச்சையில் வரும் கிளாரித்ரோமைசினும், இன்னொரு கிருமிக்கொல்லியான எரித்ரோமைசினும் இதே வேலையைச் செய்யும். மறுபுறம், காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான கார்பமசெபைனும் மருந்தை வேகமாக வெளியேற்றிவிடும். அப்போது மாத்திரை கேட்கவில்லையே என்று அளவைத் தானாக ஏற்றிக்கொள்ளத் தோன்றும். தோலுக்கோ பல்லுக்கோ எந்த மருத்துவரிடம் போனாலும் "நான் அல்பிரசோலம் போடுகிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அறுவைச் சிகிச்சை என்றால் மயக்க மருந்து நிபுணரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

'இது மூலிகைதானே' என்று தூக்கத்துக்கு அமுக்கராச் சூரணம் எடுப்பவர்களும் அதைச் சொல்ல வேண்டும். அதற்கும் அயர்த்தும் குணம் உண்டு.

வயதானவர்கள், கர்ப்பிணிகள்

எழுபது வயதுக்காரரின் உடம்பில் இந்த மருந்து பாதியாகக் குறையச் சுமார் 16 மணி நேரம் ஆகிறது. இரவு போட்ட மாத்திரையோடு பின்னிரவில் சிறுநீர் கழிக்க எழுந்து, ஈரத்தரையில் கால் வைத்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்களின் கதை எல்லாத் தெருவிலும் உண்டு. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் முதியவர்களுக்கு இவ்வகை மருந்தைத் தவிர்க்கவே சொல்கிறது. தவிர்க்க முடியாதபோது மிகக் குறைந்த அளவு, கழிப்பறை வழியில் இரவு விளக்கு, பிடித்து நடக்கக் கைப்பிடி மூன்றும் வேண்டும். அப்பாவுக்குத் திடீரென்று மறதி கூடிவிட்டது என்றால் வயதின்மேல் பழிபோடுவதற்கு முன் அவருடைய மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்.

கர்ப்பம் உறுதியானால் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் தொடர்ந்து போட்டால் குழந்தை துவண்ட நிலையிலும் பால் குடிக்கத் திணறியும் பிறக்கலாம். தாய்ப்பாலிலும் மருந்து கலக்கும்.

பழக்கம் எப்படிப் பிடிக்கிறது

அடிமையாவது என்றால் திரைப்படங்களில் காட்டுவதைப்போல நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே நடப்பது மிகவும் அமைதியானது. சீட்டில் எழுதியபடி ஒழுங்காகப் போடுகிறவருக்கும் நடக்கும்.

அல்பிரசோலம் சீக்கிரம் ஏறி, சீக்கிரம் இறங்குவது. சில வாரம் தினமும் போட்டதும் மூளை அதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. பிறகு அடுத்த வேளைக்கு முன்னால், மருந்து இறங்கும் நேரத்தில், பதற்றம் பழையதைவிட வேகமாக எழும்புகிறது. இரவு மட்டும் போடுகிறவருக்கு மறுநாள் மாலை நான்கு, ஐந்து மணிக்குக் கை நடுங்கும், காரணமில்லாமல் பயம் வரும். 'என் நோய் முற்றிவிட்டது' என்று அவர் நினைக்கிறார். மாலையில் ஒரு பாதி சேர்த்துக்கொள்கிறார். நோய் முற்றவில்லை, மாத்திரை இறங்குவதைத்தான் அவர் உணர்கிறார். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி விபத்தைத் தவிர்க்கலாம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் எளியவை. அட்டை தேதிக்கு முன்பே தீர்ந்துபோவது. முன்பு கேட்ட அளவு கேட்காமல் போவது. ஊருக்குப் புறப்படும்போது பணப்பைக்கு முன்னால் மாத்திரையைத் தேடுவது. ஒரு கடையில் வாங்கியதை மறைத்து இன்னொரு கடைக்குப் போவது. இதில் ஒன்று தென்பட்டாலும் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். வெட்கப்படவும் எதுவுமில்லை. தெலங்கானாவில் கள்ளில் அல்பிரசோலத்தைக் கலப்பது நெடுநாள் சிக்கல். அங்கே கெடுபிடி வந்து கள் கிடைக்காமல் போனபோது, தாங்கள் மாத்திரை சாப்பிடுகிறோம் என்றே அறியாத தொழிலாளர்கள் நடுக்கமும் வலிப்புமாக மருத்துவமனைகளில் வந்து விழுந்தார்கள். தெரிந்து போட்டாலும் தெரியாமல் போட்டாலும் மூளை ஒரே மாதிரிதான் பழகுகிறது.

நிறுத்துவது

சில நாள் மட்டும், அல்லது எப்போதாவது ஒன்று போட்டவருக்கு நிறுத்துவதில் பெரிய தொல்லை இருக்காது. வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தினமும் போட்டவர் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. தூக்கமின்மை, வியர்வை, நடுக்கம், சத்தத்தையும் வெளிச்சத்தையும் தாங்க முடியாமை என்று தொடங்கி வலிப்பு, மனக்குழப்பம் வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. கோயிலுக்கு மாலை போட்டிருக்கிறேன், இன்றோடு எல்லாவற்றையும் விட்டேன் என்று சபதம் எடுக்கிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். சிகரெட்டை அப்படி விடலாம், இதை விடக்கூடாது.

அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2025இல் வெளியிட்ட வழிகாட்டல், தொடக்கத்தில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைக்கலாம் என்கிறது. இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. கேட்க எளிது. நடைமுறையில் 0.5 மி.கி.யில் பத்து சதவீதம் என்றால் 0.05 மி.கி. அதைப் பிளேடால் வெட்ட முடியாது. அதனால்தான் மருத்துவர்கள் மெதுவாக இறங்கும் டயசெபாம் அல்லது குளோனசெபாமுக்கு மாற்றி, அதிலிருந்து படிப்படியாகக் குறைக்கிறார்கள். எந்த மருந்தின் எவ்வளவு எதற்குச் சமம் என்ற கணக்கு அவருடையது. இணையத்தில் கிடைக்கும் அட்டவணையை வைத்து நீங்களே மாற்றிக்கொள்ளாதீர்கள்.

பாதியாக வெட்ட வேண்டிய மாத்திரையென்றால், நடுவில் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். மருந்துக்கடையில் மாத்திரை வெட்டும் சிறு பெட்டி கிடைக்கும், விலை அதிகமில்லை. சவரப் பிளேடால் வெட்டினால் ஒரு பாதி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தெறிக்கும், பொடி மேசையில் கிடக்கும். ஒரு மாத்திரையை வெட்டினால் அதன் மறு பாதியையே அடுத்த வேளைக்குப் போடுங்கள். அப்போது கூடுதல் குறைவு சரியாகிவிடும். பத்தையும் ஒரேயடியாக வெட்டி டப்பாவில் போட்டால் ஈரம் பட்டு நொறுங்கும்.

ஒரு படி இறங்கியபின் சில நாள் மோசமாக இருந்தால் அதே படியில் நின்றுகொள்ளலாம். அவசரமில்லை. திருமணம், தேர்வு, பணி மாற்றம் நடக்கும் மாதத்தில் இறங்கத் தொடங்காதீர்கள். கடைசிப் படிகள்தாம் கடினமானவை. அரை மாத்திரையில் என்ன இருக்கிறது என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு, மூன்று இரவு தூங்காமல் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அவசரம் என்றால்

தட்டி எழுப்பினாலும் விழிக்காமல், மூச்சு மெதுவாகவும் இடைவெளி விட்டும் வந்தால், உதடு நீலம் பாய்ந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். காப்பி, மோர், உப்புநீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காலி அட்டைகளை எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே முதல் கேள்வியே அதுதான். வலிப்பு வந்தாலும் ஒருக்களித்த நிலைதான். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதாலும் வாயில் கரண்டி வைப்பதாலும் பயனில்லை, பல் உடையும்.

வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால், அது உங்களுக்கு வந்தாலும் வீட்டில் வேறு யாருக்கு வந்தாலும், டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச சேவை, தமிழிலும் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. அப்படிப்பட்ட நேரத்தில் மாத்திரையை வேறொருவர் பூட்டி வைத்து அன்றாடம் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

வைப்பதும் எடுத்துப்போவதும்

குழந்தை கைக்கு எட்டாத, பூட்டக்கூடிய இடம். குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. குளியலறை அலமாரி வேண்டாம். யாருக்கும் கொடுக்கக்கூடாது. விமானப் பயணத்துக்குப் பயப்படும் மைத்துனருக்கும், தேர்வுக்குப் படிக்கும் அண்ணன் மகளுக்கும் 'பாதி மட்டும்' கொடுப்பதும் இதில் அடங்கும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்து இது.

வளைகுடா நாடுகளுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் பயணச்சீட்டு எடுத்ததுமே அந்த நாட்டின் சுகாதாரத் துறை விதியைப் பார்க்க வேண்டும். இவ்வகை மாத்திரைக்கு முன் அனுமதி தேவைப்படும் நாடுகள் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் அவற்றில் ஒன்று. மாத்திரையை அதன் அட்டையிலேயே, மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். ஊரிலிருந்து வருகிறவரிடம் "இதை மட்டும் கொண்டுவா" என்று பிறர் பெயரிலுள்ள மாத்திரையைச் சொல்லி அனுப்பாதீர்கள். விமான நிலையத்தில் மாட்டுவது எடுத்துவந்தவர்தான்.

நிறுத்தி முடித்ததும் மிச்சமிருக்கும் மாத்திரைகளை அலமாரியில் விட்டுவைக்காமல் கடையில் கொடுத்து அழிக்கச் சொல்லுங்கள். வாங்க மறுத்தால் அட்டையிலிருந்து பிரித்துப் பழைய காப்பித்தூளோடு கலந்து, மூடிய உறையில் குப்பையில் போடலாம். மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் மருந்தின் பெயர், அதிகபட்சமாகப் போட்ட அளவு, தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி நான்கையும் எழுதிவையுங்கள். பின்னாளில் புதிதாக ஒரு மருத்துவரிடம் போய் உட்காரும்போது அவர் கேட்கப்போவது அதைத்தான்.